போம்பலுக்கு வெறும் தீனி இறங்காது

நாய்த் தீனிக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது செய்யாவிட்டால் தலை வெடித்துவிடும் என்கிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூட்டையில் வரும் உலர் தீனியை ஒரு பிடி அள்ளி, மோந்து பார்த்து, "ஐயோ பாவம், இது எப்படித்தான் தொண்டையில எறங்கும்?" என்று கண்கலங்கி, கலங்கிய கண்ணோடு போய் அடுப்பைப் பற்றவைப்பவர்கள். நாய் அதுவரை ஒரு புகாரும் சொல்லியிருக்காது.

கல்கத்தாவில், பேஹாலாப் பக்கம் குடியிருக்கும் ஸ்வாகதா லாகிரி இந்த இனத்தின் மகாராணி. பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன், போம்பல் என்ற தன் லாப்ரடார் நாயை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனான். மீனில் முள் எடுத்து எடுத்து மகனுக்கு ஊட்டிய கை சும்மா இருக்குமா? போம்பலுக்கு முள் எடுக்க ஆரம்பித்தது.

ஆரம்பம் என்னவோ சாதுவாகத்தான் இருந்தது. நாய் டாக்டர் சான்யால், "தீனி மேல கொஞ்சம் வெந்நீர் தெளிச்சுக் குடுங்க, வாசனை வரும், தின்னுடுவான். வெங்காயம், பூண்டு மட்டும் கூடவே கூடாது" என்று சொல்லியிருந்தார்.

"வெங்காயம் இல்லாத குழம்பா? எங்க பக்கம் கைம்பெண்ணுங்கதான் வெங்காயம், பூண்டு தொடமாட்டாங்க. எம்புள்ள என்ன கைம்பெண்ணா டாக்டர்?" என்று கேட்டாள் ஸ்வாகதா.

வெந்நீர்தானே? அதில் ஒரு துண்டு ரோகு மீன் தலையைப் போட்டால் என்ன குறைந்துவிடும்? மீன் தலை போட்டபின் ஒரு பரங்கித் துண்டு. பரங்கி வந்தபின் மசித்த சாதம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டெலும்புச் சாறு. எல்லாவற்றுக்கும் முன்னால் கசப்பில் தொடங்கும் வங்காளச் சாப்பாட்டு வழக்கப்படி, வீட்டு மனிதர்களுக்குப் போலவே, பாகற்காய் வெந்த நீர் இரண்டு சொட்டு. இத்தனைக்கும் அடியில் எங்கோ நாலு உருண்டை உலர் தீனி, கல்யாண வீட்டில் தொலைந்த தூரத்து உறவினர் மாதிரி, கிடக்கும். போம்பல் அவற்றைச் சுற்றி வளைத்து நக்கி, கழுவித் துடைத்தாற்போல் அப்படியே விட்டுவிட்டு நகர்வான்.

"பாத்தீங்களா? இன்னும் ருசி பத்தல" என்பாள் ஸ்வாகதா.

"அது நம்மள நல்லாப் படிச்சு வெச்சிருக்கு" என்பார் கணவர் அனிமேஷ். யார் காதில் விழும்?

இந்த இனத்தால் ஊரைவிட்டு நகர முடியாது. அதில் ஒரு பெருமையும் உண்டு. 'நான் இல்லேன்னா அது பச்சைத்தண்ணி தொடாது' என்று அலுத்துக்கொள்ளும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள், தங்கப் பதக்கம் வாங்கியவர் முகம்! அதனால்தான் ஆசன்சோலில் தங்கை மகன் கல்யாணம் வந்தபோது ஸ்வாகதா கதிகலங்கிப் போனாள். பெரியம்மா போகாமல் கல்யாணமா? போனால் இங்கே பட்டினிச் சாவு. சாறு காய்ச்சிக் காய்ச்சி டப்பாக்களில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் மனிதர் உணவுக்கு இடமில்லாமல் அடுக்கிவிட்டு, போம்பலின் காதில் வெகுநேரம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ரயிலேறினாள்.

மணப்பெண் வீடு புகுந்த அன்று மதியம், வீட்டிலிருந்த அனிமேஷுக்குப் போன் செய்தாள்.

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான். நல்லா இருக்கான்."

"எந்த டப்பா?"

"டப்பாவெல்லாம் யாரு சுட வெக்கிறது? வெறும் தீனிய வெச்சேன். தின்னுட்டான்."

"எனக்கு ஆறுதல் சொல்லணும்னு பொய் சொல்லாதீங்க. புள்ளைக்கு என்ன ஆச்சு? உள்ளத சொல்லுங்க."

"தெய்வமே, தின்னுட்டான்னு சொல்றேன்!"

உண்மையை இவ்வளவு கோபமாக யாராவது சொல்வார்களா? சந்தேகம் உறுதியாகிவிட்டது. மறுநாள் வரவேற்பு விருந்து. தங்கை கையைப் பிடித்து அழுதாள். கல்யாண வீடே வைதது. ஸ்வாகதா அடுத்த ரயிலைப் பிடித்தாள். வழி நெடுக அவள் கண்முன் எலும்பும் தோலுமாய் ஒரு நாய்.

தன்னிடமிருந்த சாவியால் சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து கேட்டது: கறுக், மொறுக், கறுக், மொறுக்.

போம்பல் தட்டில் முகம் புதைத்திருந்தான். வாலும் பின்புறமும் சேர்ந்து ஆட, வெறும் உலர் தீனியை, ஒரு சொட்டுச் சாறும் இல்லாததை, ஏதோ மாமியார் வீட்டு விருந்து போல நொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் அனிமேஷ் கடுகெண்ணெய் பிசைந்த பொரியை, பச்சைமிளகாயைக் கடித்துக் கடித்து, அதே தாளத்தில் மென்றுகொண்டிருந்தார். இருவர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

அப்படியானால் இத்தனை நாள் முள் எடுத்ததெல்லாம் யாருக்கு? பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். திரும்பி அப்படியே ஆசன்சோலுக்கே போய்விடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

அப்போதுதான் போம்பல் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பிறகு, வாயிலிருந்த உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்த்துவிட்டு, தட்டிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, நடக்கவே திராணியில்லாதவன் போலத் தள்ளாடி வந்து, அவள் காலடியில் விழுந்து ஒரு முனகல் முனகினான்.

"டேய் படுபாவி! இப்பத்தானேடா ரெண்டாவது தட்டு முடிச்சே!" என்று கத்தினார் அனிமேஷ்.

தரையில் கிடந்த ஈர உருண்டைகளை ஸ்வாகதாவும் பார்த்தாள். பார்க்கவில்லை என்று யார் சொன்னது? ஆனாலும் அவள் முகம் ஏழு ஊருக்கு விளக்கேற்றி வைத்தாற்போல் மலர்ந்தது. "ஐயோ, எப்படி எளைச்சுட்டான் பாருங்க!" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தாள். அடுப்புப் பற்றும் ஓசை கேட்டது.

அனிமேஷ் கையிலிருந்த பொரிக் கிண்ணத்தைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, குரலைப் பலவீனமாக்கிக்கொண்டு சொன்னார்: "எனக்குக்கூட நீ போனதிலேர்ந்து ஒண்ணும் சரியா எறங்கல."

படித்துச் சிரிக்கிறீர்கள். நாய்க்குச் சாறு காய்ச்சும் பைத்தியம் நாமில்லை என்று நிம்மதி. நல்லது. ஆனால் இன்று காலை, "பசியே இல்லை" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, யாராவது "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று வருகிறார்களா என்று அடுக்களைப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தீர்களே, அது எந்த இனம்?