பின்னறை ஈயம்

அமிர்தராஜ் ஒரு பெரிய முடிவெடுத்துவிட்டார். தலையே போனாலும் பின்னறையைக் காலி செய்வதில்லை.

பின்னறையில் மூன்று டியூப் டி.வி., ஐந்து டேப் ரெக்கார்டர், ஒரு வி.சி.டி. பிளேயர், ஒரு மூட்டை சார்ஜர். எதுவும் ஓடாது. எல்லாமே 'வர்ற ஞாயித்துக்கிழமை ரிப்பேர் பண்ணிடலாம்' என்று அவர் சேர்த்தவை. கைலாசபுரம் குவார்ட்டர்ஸுக்கு வந்து பதினெட்டு வருஷம். எந்த ஞாயிற்றுக்கிழமையும் மாதா கோவில் பூசை முடிந்து பிரியாணி சாப்பிட்ட பிறகு அவர் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

மனைவி லூர்துராணிக்கு அந்த அறை வேண்டும். கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் அவர். பயிற்சி செய்ய இடமில்லாமல் அடுப்புக்குப் பக்கத்தில் வாசிக்கிறார். குக்கர் விசிலடித்தால் சுருதி போய்விடுகிறது.

"என்னங்க, எல்லாத்தையும் பழைய இரும்புக்கடையில போட்டுடலாங்க."

அமிர்தராஜ் இதற்குத் தயாராக இருந்தார். ஈயம் கலக்காத மின்னணு பாகங்களைப் பற்றி கம்பெனியில் போன வாரம்தான் அரைநாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"ராணி, உனக்கு விஷயம் தெரியாது. இப்ப வர்ற போர்டுலதான் ஈயம் இல்ல. நம்மளுது அந்தக் காலத்துது. பத்தவெச்ச எடமெல்லாம் ஈயம். டி.வி. கண்ணாடியில கிலோக் கணக்குல ஈயம். அத்தனையும் விஷம்!"

"அய்யய்யோ!"

"இரும்புக்கடையில என்ன பண்ணுவான்? உடைப்பான், ஒயரைக் கொளுத்துவான், செம்பை எடுத்துக்கிட்டு மிச்சத்தை ஆத்தோரம் கொட்டுவான். மழை பெஞ்சா ஈயம் காவிரிக்குப் போகும். காவிரித் தண்ணிய யாரு குடிக்கிறா?"

"நாமதாங்க."

"அதான் சொல்றேன். இந்தத் திருச்சியையே நான் பின்னறையில பூட்டிக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்."

லூர்துராணி கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். "இவ்வளவு பெரிய விஷயத்தை நீங்க மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா எப்படி? ஊருக்கும் சொல்லணுமில்ல?"

"சொல்லு, தாராளமாச் சொல்லு!"

ஈயம் வைத்திருந்தாலும் எதையும் யாருக்கும் ஈயாத மனிதர், அன்று தாராளமாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜென்சி ஒரு மிக்சியோடு வந்தார்.

"அண்ணே, குப்பையில போட இருந்தேன். உங்ககிட்ட குடுத்தா ஊருக்கே நல்லதுன்னு அக்கா சொன்னாங்க."

அமிர்தராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "வெச்சுட்டுப் போம்மா. ஞாயித்துக்கிழமை பாத்துடலாம்."

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு லிசியின் டி.வி. வந்தது. புதன்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஒரு லோடு ஆட்டோவே வந்தது. லூர்துராணியோடு வேலை பார்க்கும் சுபஸ்ரீ டீச்சர் கம்ப்யூட்டர், பிரிண்டர், ஓவன் மூன்றையும் அனுப்பியிருந்தார்.

"சாருக்கு ஈயம்னா உசுராமே?" என்றார் ஆட்டோக்காரர்.

வெள்ளிக்கிழமைக்குள் வீடு நிரம்பிவிட்டது. சோபாவில் பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. கட்டிலில் பாதி இடம் ஓவனுக்கு. லிசியின் டி.வி. இவர்கள் டி.வி.யை மறைத்துக்கொண்டு நின்றதால் கிரிக்கெட்டைக் காதால்தான் பார்க்க முடிந்தது. அமிர்தராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ராணி, இதுக்குன்னே லைசென்ஸ் வாங்கினவங்க இருக்காங்க. போன் பண்ணா வண்டி வரும். ஈயத்தைத் தனியா, செம்பைத் தனியாப் பிரிச்சிடுவாங்க. ஆத்துக்கு ஒண்ணும் போகாது."

"இதைப் போன வாரம் சொல்லலையே?"

"பயிற்சியில கடைசியாச் சொன்னாங்க. அப்ப லேசாக் கண்ணசந்துட்டேன். இப்பத்தான் ஞாபகம் வருது."

"வேணாங்க. நீங்க பதினெட்டு வருஷமாக் காப்பாத்தினது..."

"காப்பாத்தினது போதும்! ஒரு மனுஷன் எவ்வளவுதான் காப்பாத்துவான்?"

போனைப் போட்டது அவரேதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வாசலில் வண்டி நின்றது. டிரைவர் டோனி கதவைத் திறந்தார்.

"மொதல்ல நம்ம வீட்டுது போகட்டுங்க," என்றார் லூர்துராணி. "நம்மளுதைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு ஊராருதை அனுப்பினா நல்லாவா இருக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. அமிர்தராஜ் தன் கையாலேயே தூக்கினார். முதல் டேப் ரெக்கார்டரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். ஐந்தாவது சாமானுக்கு மேல் ஒரே உற்சாகம். சார்ஜர் மூட்டையைப் பந்து மாதிரி வீசினார். பின்னறையின் தரை பளபளவென்று தெரிந்தபோது, இந்த வீட்டில் இப்படி ஒரு தரை இருந்ததா என்று அவரே அசந்துபோனார்.

"சார், வண்டி ரொம்பிடுச்சு," என்றார் டோனி. "மத்ததெல்லாம்?"

"அது இருக்கட்டும் தம்பி, நீங்க கெளம்புங்க," என்றார் லூர்துராணி.

வண்டி தெருமுனை திரும்பியதுதான் தாமதம், ஜென்சி விறுவிறுவென்று உள்ளே வந்து தன் மிக்சியைத் தூக்கினார்.

"வேலை முடிஞ்சுதாக்கா? ஒரு வாரமா எங்க வீட்ல சட்னியே இல்ல. இட்லிப்பொடியப் பாத்தாலே அவரு எந்திரிச்சுப் போயிடறாரு."

"அது செத்துப்போன மிக்சியாச்சேம்மா!" என்றார் அமிர்தராஜ்.

ஜென்சி அங்கேயே சுவிட்சைப் போட்டுக் காட்டினார். மிக்சி வீடு அதிர ஓடியது. லிசி வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே தங்கள் டி.வி.யைத் தூக்கினார். வெளியே ஸ்ரீரங்கத்து லோடு ஆட்டோ ஹாரன் அடித்தது.

அமிர்தராஜ் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். லூர்துராணி பின்னறையில் கீபோர்டை விரித்து வைத்து, ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தபடி சொன்னார்:

"ஒரு வாரத்துல ஒண்ணையாவது பிளக்குல சொருகிப் பாத்திருந்தீங்கன்னா, நான் மாட்டியிருப்பேங்க."