பதினாலு வடையும் உபவாசச் செய்தியும்

"ஏட்டி, எத்தனை பேருன்னு எண்ணுனியா?"

"ஜெபத்துக்கு வாரவங்களை யாருங்க எண்ணுவா?" என்றாள் மனைவி ஜெயசித்ரா.

ஞானதுரை எண்ணினார். ராஜபாளையத்தில் வீட்டுக்கு வீடு முறைவைத்து நடக்கும் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம், இந்த வாரம் அவர் வீட்டில். வழக்கமாகப் பன்னிரண்டு பேர்தான் என்று பதினாலு வடை வாங்கியிருந்தார். உபரி இரண்டும் அவருக்கு. முதல் பாட்டு முடிவதற்குள் இருபத்தாறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பெரிய பை வேறு.

"பையைப் பாத்தியா? மிச்சத்தையும் கட்டிட்டுப் போகலாம்னு வந்திருக்காக."

அவருக்கு வியர்த்தது. வடை பற்றாவிட்டால் சபை முன்னால் மானம் போகும். மானத்தைக் காப்பாற்றலாம் என்றால், கொழுந்தியாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கொண்டுவந்த அரைக்கிலோ பால்கோவா பீரோவை விட்டு வெளியே வரவேண்டும்.

"வடையைப் பாதியா வெட்டு."

வெட்டினாள். அதற்குள் மில் ஷிப்ட் முடிந்து இன்னும் எட்டுப் பேர் வந்தார்கள்.

"காலா வெட்டு."

"உளுந்த வடைங்க. ஏற்கெனவே நடுவுல ஓட்டை. இனி வெட்டுனா ஓட்டையைத்தான் தட்டுல வைக்கணும்."

ஞானதுரை போதகரின் காதருகே குனிந்தார்.

"பாஸ்டர், இன்னைக்கு உபவாசத்தைப் பத்திப் பேசுங்களேன். சனங்க சாப்பாட்டுலயே குறியா இருக்காக."

போதகருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. பத்து நிமிடம் பேச வந்தவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். பசித்தால் கிளம்பிவிடுவார்கள் என்பது ஞானதுரையின் கணக்கு. ஒருவர்கூட அசையவில்லை. கணீரென்ற குரலைக் கேட்டுத் தெருவில் போன நாலு பேரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். செய்தி முடிவதற்குள் ஞானதுரைக்கே வயிறு இரைந்தது.

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவர் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. ஜிப் திறக்கும் சத்தம் வரிசையாகக் கேட்கவே மெதுவாகப் பார்த்தார். பைகளிலிருந்து இடியாப்பம் வந்தது, புளியோதரை வந்தது, சுண்டல் வந்தது, தூக்குவாளி நிறையக் கோழிக்குழம்பும் வந்தது. முதல் தட்டை அவர் கையில்தான் கொடுத்தார்கள்.

இந்த ஜனங்களையா சந்தேகப்பட்டோம் என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. நேரே பீரோவுக்குப் போய்ப் பால்கோவாவை எடுத்துவந்து, தன் கையாலேயே எல்லாருக்கும் கொடுத்தார். டப்பா காலியானபோது, அவருக்கே ஆச்சரியம், மனசு நிறைந்திருந்தது.

"என்னா அன்பு! எல்லாரும் சொல்லி வச்ச மாதிரில்ல கொண்டு வந்திருக்கீக!" என்றார், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மில் தொழிலாளி மாரிக்கனியிடம்.

மாரிக்கனி விரலில் ஒட்டிய பால்கோவாவை நக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஆமாண்ணாச்சி, உங்க வீட்டு ஜெபத்துக்குப் போறவங்க சாப்பாட்டைக் கையோட கொண்டு போயிருங்கன்னு ஞாயித்துக்கிழமை கோயில்லயே அறிவிச்சாகல்ல. நீங்கதான் காணிக்கைப் பை வரவும் எந்திரிச்சு வெளிய போயிட்டீகளே!"