பார்க்கிங்கில் கை ஆட்டிய மாப்பிள்ளை

தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டையும் உற்பத்தி லைன் மாதிரி ஓட்டப் பார்ப்பார்கள். எங்கள் சூப்பர்வைசர் ஒருவர், கம்பெனியில் ஸ்பேனருக்குச் செய்வது மாதிரி, வீட்டுச் சமையலறையில் கரண்டி மாட்டும் இடத்தில் கரண்டியின் படத்தை வரைந்து ஒட்டினார். (அவர் மனைவி அந்தக் கரண்டியாலேயே பதில் சொன்னதாகக் கேள்வி.) எனக்கு வந்த வியாதி வீட்டோடு நிற்கவில்லை. கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது.

எனக்கு ஒரகடத்தில் மெயின்டனன்ஸ் வேலை. வீடு சுங்குவார்சத்திரத்தில். கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடி. குடியிருப்பவர்களில் பாதிப் பேர் ஷிஃப்ட்காரர்கள். விடியும் முன் கிளம்புகிறவர் மாடிப்படி விளக்கைப் போடுவார்; வேலை முடித்து வருகிறவர் அணைப்பார் என்று விட்டுவிட்டுப் போவார். வருகிறவரோ, அடுத்து யாராவது இறங்குவார்கள் என்று விட்டுவிடுவார். பட்டப்பகலிலும் எங்கள் படிக்கட்டு கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கும்.

அசோசியேஷன் செக்ரட்டரி நான்தான். (வேறு யாரும் கையைத் தூக்கவில்லை. அன்று ஆரம்பித்தது என் கைக்குப் பிடித்த சனி.) எல்லா விளக்கையும் எல்இடியாக மாற்றி, ஆள் வந்தால் தானாக எரியும் சென்சாரும் வைத்துவிடலாம் என்று மீட்டிங்கில் சொன்னேன். "நானே மாட்டித் தர்றேன்" என்றதும் அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

மாட்டினேன். அதோடு விட்டேனா? சுவிட்ச் இருந்தால் எவனாவது போட்டுத் தொலைப்பான் என்று படிக்கட்டிலும் பார்க்கிங்கிலும் இருந்த சுவிட்சுகளையெல்லாம் பிடுங்கி, ஓட்டைகளைத் தகடு வைத்து மூடினேன். பார்க்கிங் முழுவதற்கும் ஒரே சென்சார், மாடிப்படி ஓரத் தூணுக்கு மேலே. விளக்கு எரியும் நேரத்தை இருப்பதிலேயே குறைவாக வைத்தேன். எங்கள் பிளாண்ட் காரிடாரில் அப்படித்தான். அங்கே யாரும் நிற்க மாட்டார்கள், நின்றால் ஏன் என்று கேட்க ஆள் உண்டு. ஆனால் எங்கள் பார்க்கிங், பெண்கள் உட்கார்ந்து கீரை ஆய்ந்து ஊர் வம்பு பேசுகிற இடம். இந்த மகா பொறியாளருக்கு அது உறைக்கவில்லை.

அதே சமயத்தில் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்தினால் வேலை பொருந்தாது. வேலை பொருந்தினால் என் முன்வழுக்கை பொருந்தாது. ஒரு வழியாகத் தண்டலத்துப் பக்கம் கவிதா வீட்டில் எல்லாம் கூடி வந்தது. போய்ப் பார்த்தோம். அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நைட் ஷிஃப்ட்ல தூங்குவீங்களா?" அன்றிலிருந்து நான் பகலிலும் தூங்கவில்லை.

மிச்சம் இருந்தது, அவர்கள் எங்கள் வீடு பார்க்க வருவதுதான். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால், அதாவது உட்கார்ந்து சாப்பிட்டால், சம்பந்தம் முடிந்தது. "அப்புறம் சாப்பிடறோம்" என்று தண்ணீர் மட்டும் குடித்துப் போனால் அவ்வளவுதான். அம்மா என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "இதுவும் போச்சுன்னா நீயே தேடிக்க. என்னால இன்னொரு தபா கேசரி கிண்ட முடியாது."

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் கழிந்து வந்தார்கள். அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. "அஞ்சாறு பேர் வர்றோம்" என்றவர்கள் ஒரு வேன் நிறைய இறங்கினார்கள். கவிதாவின் தாய்மாமா ஏழுமலை கம்பெனி ஷிஃப்ட் வேன் ஓட்டுகிறவர். அதில் ஒரு சீட் காலியாகப் போனாலும் அவருக்குப் பொறுக்காது. எங்கள் ஹாலில் அத்தனை பேரை அடுக்க முடியாது. பார்க்கிங்கிலேயே ஜமுக்காளம் விரித்தோம்.

அவர்கள் உள்ளே நுழைந்து படிக்கட்டுப் பக்கம் வந்ததும் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. "பாத்தீங்களா மாமா? ஆள் வந்தா தானா எரியும்!" என்றேன்.

"ஷோக்கா கீதே!" என்றார் மாமா. நான் காற்றில் மிதந்தேன்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். சென்சாருக்கு எட்டுகிற தூண் பக்கம் யாரும் இல்லை. இலை போட்டு, கேசரி வைத்து, மாமா கையை நீட்டிய நேரம் பார்த்து மொத்தமும் இருட்டு.

நான் ஓடிப் போய்த் தூணுக்கு அடியில் குதித்தேன். எரிந்தது. சிரித்தபடி திரும்பி வந்து உட்கார்ந்தேன். அணைந்தது.

"நல்ல வார்த்த பேசசொல்ல வெளக்கு அமருதே!" என்று இருட்டிலிருந்து கவிதாவின் பெரியம்மா குரல் வந்தது. "சுவிட்ச போடுப்பா."

"சுவிட்ச் இல்லீங்க."

"கரண்ட் கீது, சுவிட்ச் இல்லியா? இன்னா வூடு இது?"

அம்மா என் காதருகே பல்லைக் கடித்தாள். "நீ வச்ச லைட்டுதானே? அங்க போய் நின்னு கைய ஆட்டிக்கினே இரு. நிறுத்தின, கொன்னுடுவேன்."

நின்றேன். ஆட்டினேன். என் கல்யாணப் பேச்சில் எல்லோரும் ஜமுக்காளத்தில் இருக்க, மாப்பிள்ளை நான் மட்டும் தூணோரம் டிராஃபிக் போலீஸ் மாதிரி கை ஆட்டிக்கொண்டு நின்றேன். வலது கை வலித்தால் இடது கை.

அப்போதுதான் பைக்கில் தனியாக வந்த கவிதாவின் பெரியப்பா உள்ளே நுழைந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பெரியம்மாவிடம் குனிந்து, அவர் ரகசியம் என்று நினைத்துக்கொண்ட குரலில் கேட்டார்: "மாப்ளைக்கு நரம்புல இன்னாவாச்சும் கீதா?"

ஜமுக்காளம் முழுக்க அந்தப் பேச்சு ஓடியது. பெரியம்மா இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "வெளக்கும் அமருது, கையும் உதறுது. இன்னொரு நாள் வந்து சாப்பிடறோமே" என்று எழுந்தாள். அம்மா முகம் செத்துப்போனது. எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே. சென்சாரை அல்ல, என்னைத்தான் பிடுங்கி எறிய வேண்டும் என்று தோன்றியது.

"அய்யோ, லைட்டுக்குத்தான் ஆட்றேங்க!" என்று விளக்கம் சொல்வதற்காகக் கையை நிறுத்தினேன். அணைந்தது.

அந்த இருட்டில் ஒரு சிரிப்புச் சத்தம். அடக்க முடியாமல், மூச்சு வாங்க வாங்க ஒரு பெண் சிரிக்கிறாள். கவிதாவின் தங்கை கையிலிருந்த போனிலிருந்து வந்தது அந்தச் சத்தம். வந்ததிலிருந்தே, வீட்டைக் காட்டுவதற்காக, கூட வராத அக்காவுக்கு வீடியோ கால் போட்டு வைத்திருக்கிறாள். மொத்தக் கூத்தையும் கவிதா பார்த்திருக்கிறாள்!

"பெரியப்பா, அவர் கைக்கு ஒண்ணும் இல்ல. லைட்டுதான் கோளாறு" என்றது போன். "அவர நிறுத்த வேணாம்னு சொல்லுங்க. நான் இன்னும் வூட்டப் பாக்கல."

நான் இரண்டு கைகளையும் ஆட்டினேன்.

ஏழுமலை மாமா சப்பணமிட்டு நன்றாக உட்கார்ந்தார். "பொண்ணே பாக்கணும்னு சொல்லிடுச்சு. அப்புறம் நமக்கு இன்னா? அக்கா, உக்காரு." கேசரியை அள்ளி வாயில் போட்டார். பெரியம்மாவும் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து கை நனைத்தாள். கேசரி, பஜ்ஜி, இட்லி, சாம்பார் எல்லாம் முடிந்து கடைசி ஆள் கை கழுவும் வரை நான் ஆட்டினேன். எனக்கு ஒரு பஜ்ஜிகூட மிஞ்சவில்லை.

மறுநாள் கவிதாவிடமிருந்து போன். "கை வலி எப்படி கீது?" என்றாள். அவ்வளவு பேர் முன்னால் வெட்கம் பார்க்காமல் அவ்வளவு நேரம் கை ஆட்டின ஆளை நம்பலாம் என்று தோன்றியதாம். என் சம்பளமோ படிப்போ அல்ல, என் முட்டாள்தனம்தான் எனக்குப் பெண் வாங்கிக் கொடுத்தது.

நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டார் மண்டபத்துக்கு வரிசைத் தட்டோடு வந்தார்கள். பழம், பூ, வெற்றிலை பாக்கு, வேட்டி சட்டை. கடைசித் தட்டை ஏழுமலை மாமாவே சுமந்து வந்தார். மஞ்சள் குங்குமம் வைத்து, நடுவில் புத்தம் புதிய ஒரு சுவிட்ச். "மாப்ள, மொதல்ல இத்த மாட்டு. அப்பால தாலி கட்டு" என்றார். மண்டபமே சிரித்தது. அன்றைக்கே எங்கள் பார்க்கிங் தூணில் மாட்டினேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கட்டடத்தில் பைக்குக்குப் பொட்டு வைக்கும்போது கவிதா அந்தச் சுவிட்சுக்கும் வைப்பாள். புதிதாகக் குடிவருகிறவர்கள், "எல்லா லைட்டும் தானா எரியுது, இது மட்டும் இன்னாத்துக்கு?" என்று கேட்பார்கள். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெருமையாகச் சொல்வாள்:

"அதுவா? எங்க அம்மா வூட்டு சீரு."