மேனேஜருக்கு ஆபரேஷன் தேவையில்லை

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி, நாய் மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் நாலுகால் நோயாளிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

நம் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து, யார் வீட்டு நாய் என்று காட்டும் அரிசி அளவு சிப்பைத் தோலுக்கடியில் வைக்கச் சொல்லி நாலாவது தடவையாக எழுதியிருக்கிறாய். முப்பத்தொரு வருஷம் ஆபீஸ் மேனேஜர்கள் முன்னால் நின்றே தேய்ந்தவன் நான், ஒரு மேனேஜரையாவது 'உட்கார்' என்று சொல்லிப் பார்க்கத்தான் நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தேன். அதற்காக அவன் ஆண்மையில் கைவைக்க எனக்கு மனசு வரவில்லை என்று உன் அண்ணியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "மூணாவது பிரசவம் முடிஞ்ச கையோட எனக்கு ஆபரேஷன்னு கையெழுத்துப் போட்டீங்களே, அப்ப இந்த மனசு எங்க போயிருந்துச்சு?" என்றாள். பெண்களுக்கு விவாதம் செய்யத் தெரியாது என்பதால் நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அப்புறம் நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். மேனேஜர் மதில் தாண்டி எதிர்வீட்டுப் பல் டாக்டரின் வெள்ளை நாயோடு பழகி, அது ஆறு குட்டி போட்டது. ஆறுக்கும் மேனேஜரைப் போலவே ஒரு காது மடங்கியிருந்ததால் டாக்டர் சாட்சி தேடவில்லை. மூன்றைக் கூடையில் வைத்து நம் வாசலில் விட்டுப் போனார். இரண்டைத் தெரிந்தவர்களிடம் கொடுத்தோம்; ஒன்று பிழைக்கவில்லை, அதைப் பற்றி உன் அண்ணி என்னிடம் இன்னும் பேசவில்லை. பிறகு இவன் இன்னொரு நாயோடு சண்டை போட்டு ஒன்பது தையல் வாங்கினான், நம் பெண்ணைப் பார்க்க வந்த வருங்காலச் சம்பந்தியின் செருப்பை நனைத்தான், கடைசியில் போன மாசம் ஒருநாள் ஓடியே போய்விட்டான்.

எட்டு நாள் தெருத்தெருவா அலைஞ்சு, நாய்கள் காப்பகத்தில் மடங்கின காதை வெச்சுக் கண்டுபிடிச்சேன். அங்கிருந்த பெண் சிப் இருக்கான்னு பார்க்க மெஷினை எடுத்தாள். "வளர்த்தவனுக்குத் தெரியாதா அம்மா, அந்த மெஷினுக்கா தெரியும்?" என்று கேட்டுட்டு, கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துட்டேன். வரும் வழியில் குடும்பப் பொறுப்பு பற்றி ஒரு மணி நேரம் புத்தி சொன்னேன். என்ன சொல்ல, ஆளே மாறிட்டான். மதில் பக்கம் போறதில்லை, யாரையும் முறைக்கிறதில்லை, சொன்னா உட்கார்றான். கத்தி இல்லாமல் நல்ல வார்த்தையாலேயே திருத்தலாம் என்பதை உன் பெரிய டாக்டரிடம் எடுத்துச் சொல்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் நீண்ட ஆயுளோடு இருங்கள்.

உன் அண்ணன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் இவனைத் தடுப்பூசிக்குக் கூட்டிப் போனோம். உன் அண்ணி கேட்டு, அங்கே மெஷினை வைத்துப் பார்த்தார்கள். நான் காப்பகத்திலிருந்து கூட்டி வந்த இந்த நாய் மூன்று தெரு தள்ளியுள்ள தலைமையாசிரியை அம்மாவுடையதாம், இரண்டு வருஷம் முன்பே ஆபரேஷன் ஆனதாம், பெண்ணாம். திருப்பிக் கொடுக்கப் போனால், நம்மவன் அவர்கள் வாசலில்தான் படுத்திருக்கிறான். அந்த அம்மா என்னைத் திருடன் என்றார், உன் அண்ணி மறுக்கவில்லை. ஆபரேஷனுக்கு முதலில் கிடைக்கும் தேதியை வாங்கிப் போடு.