வாய் திறக்காத வண்டி

"களுக்."

கல்மண்டபம் திருப்பத்தில் ஜாபர் சட்டென்று பிரேக்கைப் பிடித்தார். பின்னால் மீன்கூடையோடு வந்த அம்மாள் அவர்மேல் மோதாமல் ஒதுங்கி, அவருடைய பரம்பரையையே இரண்டு வாக்கியத்தில் விசாரித்துவிட்டுப் போனாள். அது ஜாபர் காதில் ஏறவில்லை. அவருடைய காது இரண்டும் சைக்கிளின் அடிப்பக்கத்தில் இருந்தன.

மறுபடியும் ஏறி மிதித்தார். வலது பெடல் கீழே போனதும், "களுக்."

"யா அல்லா! என் வண்டியா?" என்றார் வாய்விட்டு.

அவர் பதறியதில் நியாயம் உண்டு. ராயபுரத்தில் சைக்கிள்காரர்கள் இரண்டு வகை. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. சைக்கிளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னொரு வகை. ஹார்பரில் மூட்டைக் கணக்குப் பார்க்கும் குமாஸ்தாவான ஜாபர் இரண்டாம் வகை. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய் நாலைந்து வருஷம் ஆகியும், அவன் ஊர் ராலே சைக்கிள் ஒன்று ஜாபர் வீட்டில் ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தது. பச்சை நிறம், அதன்மேல் மெல்லிய தங்கக் கோடு. மழையில் அவர் நனைவார், சைக்கிளுக்கு மட்டும் கோணி போர்த்திவிடுவார்.

தினமும் சாயங்காலம் டீக்கடை வாசலில் மூன்று சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். ஜாபருடையது ஒன்று. பழைய இரும்புக் கடை வைத்திருந்த அவருடைய தோஸ்து அமீருதீனுடையது இன்னொன்று. சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட கறுப்பு வண்டி அது. மூன்றாவது காசிமேட்டு தேசப்பனுடையது. கடலில் கட்டுமரம் வைத்திருந்தாலும் அவருக்குக் கரையில் சைக்கிள்தான் உயிர்.

"என்னுது பர்மா வரைக்கும் போய் வந்த வண்டி. ரெண்டு ஆளு, ஒரு மூட்டை அரிசி ஏத்து, முனகாது," என்பார் அமீருதீன்.

"முனகாதா? நீ தண்டையார்பேட்டையில ஏறி மிதிச்சா இங்க டீ கிளாஸு ஆடுது நைனா!" என்பார் தேசப்பன்.

"உன்னுது இன்னாவாம்? ரெண்டு மணி, நாலு குஞ்சம், நடுவுல ஒரு கண்ணாடி. எல்லாத்தையும் அவுத்துட்டு உள்ள சைக்கிள் கீதான்னு தேடிப் பாக்கணும்."

இத்தனை நேரமும் ஜாபர் பேசமாட்டார். கைக்குட்டையால் ஹேண்டில்பாரைத் துடைத்து முடித்த பிறகு, ஒரே ஒரு வார்த்தைதான்:

"என் வண்டி வாயே தொறக்காது."

அதற்கு அவரிடம் சாட்சியும் இருந்தது. பள்ளிவாசல் வாசலில் உட்கார்ந்திருக்கும் காஜா மொய்தீன் பாய்க்குக் கண் தெரியாது. தெருவில் போகிற வண்டிகளையெல்லாம் சத்தத்தை வைத்தே ஆள் சொல்வார். "சத்தமே இல்லாம ஸலாம் மட்டும் வந்தா, அது நம்ம ஜாபரு," என்று அவர் எப்போதோ ஒருநாள் சொல்லிவைத்தார். அந்த நற்சாட்சியை ஜாபர் கல்யாண விருந்துகளில்கூடச் சொல்லிக்காட்டியிருக்கிறார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது, பள்ளிவாசல் அருகே மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மிதித்தார். மூச்சைப் பிடித்தால் சத்தம் வராது என்று எந்த சைக்கிள் சாஸ்திரத்தில் படித்தாரோ தெரியவில்லை.

"களுக்."

"யாருப்பா அது? பேட்டைக்குப் புதுசா?" என்றார் காஜா மொய்தீன்.

ஜாபருக்கு நெஞ்சு வலித்தது. "நான்தான் பாய்... ஜாபரு."

"உன் வண்டியா! அதுக்கும் வாய் வந்துட்ச்சா? அடப் பாவமே!"

அன்று ராத்திரி ஜாபர் மனைவியின் தையல் மிஷின் எண்ணெயை எடுத்து, இண்டு இடுக்கு விடாமல் சைக்கிளுக்கு ஊற்றினார். காலையில் சைக்கிள் "களுக்" என்றது. வீட்டில் தையல் மிஷின் "கிறீச்" என்றது.

"ஏங்க, மிஷின் எண்ணெ எங்க?" என்றாள் ரஹீமுன்னிசா.

"வண்டிக்கு ஊத்திட்டேன். அதுக்கு ஒடம்பு சரியில்ல."

"எனக்கும்தான் நாலு நாளா இடுப்பு வலி. எனக்கு ஒரு சொட்டு ஊத்தினீங்களா?"

ஜாபர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அருள்நாதனின் ரிப்பேர் கடைக்குப் போனார்.

அருள்நாதன் ஒல்லியான மனிதர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றினார், சத்தம் இல்லை. ஏறித் தெருமுனை வரை போய் வந்தார், அப்போதும் இல்லை.

"எங்க பாய் சத்தம்? இப்ப நீங்க ஏறுங்க."

ஜாபர் ஏறினார். "களுக்."

அருள்நாதன் ஜாபரை மேலும் கீழும் பார்த்தார். "வெயிட்டு பாய்."

"இன்னா வெயிட்டு?"

"உங்க வெயிட்டுதான். மேலேருந்து நீங்க அமுக்குறீங்க, உள்ள பால்ரஸு அழுவுது."

பெடலின் அச்சைக் கழற்றியதும் பால்ரஸ் குண்டுகள் நாலா பக்கமும் உருண்டன. பாதி சாக்கடைக்குள் போயின. புதுக் குண்டு போட்டு, புது ஆணி அடித்து, எல்லாவற்றையும் இறுக்கி முடித்தபோது பெடல் சுற்றுவதே கஷ்டமாகிவிட்டது. ஜாபர் எழுந்து நின்று மிதித்தார். "களுக்" முன்னைவிடப் பலமாகக் கேட்டது.

வெயிட்டைக் குறைப்பது ஒன்றுதான் பாக்கி. அன்று ராத்திரி தட்டில் இருந்த சோற்றில் பாதியை ஒதுக்கினார்.

"யார் வூட்ல சாப்பிட்டு வந்தீங்க?" என்றாள் ரஹீமுன்னிசா.

"எங்கயும் இல்ல. பசியில்ல."

"கறிக் கொழம்பு வெச்ச நாள்ல உங்களுக்குப் பசியில்லியா? நெசத்தைச் சொல்லுங்க. யார் வூடு?"

பசியோடும் பழியோடும் படுத்த ஜாபருக்கு விடியும்போது ஒரு யோசனை உதித்தது. சத்தத்தை நிறுத்த முடியாவிட்டால் மறைத்துவிடலாமே? அன்று சாயங்காலம், "களுக்" வருகிற அதே நொடியில் மணியை அடித்தபடி டீக்கடைக்கு வந்து சேர்ந்தார். களுக், டிரிங். களுக், டிரிங். வழியில் குழந்தைகள் காசோடு வாசலுக்கு ஓடிவந்து ஏமாந்து போயின.

"இன்னா பாய், ஐஸ்காரன் கணக்கா அடிச்சுகினு வர்றே?" என்றார் தேசப்பன்.

ஜாபர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு விஷயத்தைக் கொட்டிவிட்டார். தேசப்பன் சிரிக்கவில்லை. சைக்கிள் துக்கம் சைக்கிள்காரனுக்குத்தானே தெரியும்.

"இதுக்கா இத்தினி பேஜாரு? சுறா எண்ணெ குடுக்குறேன், பூசிக்க. கட்டுமரத்துக்குப் பூசறது. உப்புத் தண்ணியே உள்ள பூராது, சத்தம் எங்கேருந்து வெளிய வரும்?"

ஜாபர் பூசினார். செயின், பெடல், அச்சு என்று ஓர் இடம் விடவில்லை. மறுநாள் காலை அவர் ஹார்பர் கேட்டை அடைந்தபோது சைக்கிள் "களுக்" என்றது. பின்னாலேயே "மியாவ்" என்றது. திரும்பிப் பார்த்தால், ராயபுரத்துப் பூனைகளில் பாதி வால் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்துகொண்டிருந்தன.

கேட்டில் காவல் நின்ற திருமலை வழியை மறித்தார். "பாய், உங்களுக்கு பாஸ் கீது. இதுங்களுக்கு?"

பூனைகளுக்குப் பயந்து அன்று ராத்திரி சைக்கிளை வீட்டுக்குள் ஏற்றினார். நாற்றம் தாங்காமல் ரஹீமுன்னிசா தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். வியாழக்கிழமை, கொதிக்கும் தண்ணீரில் சலவை சோடாவை அள்ளிப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். நாற்றம் போயிற்று. கூடவே தங்கக் கோடும் போயிற்று.

அந்தத் திட்டுத்திட்டான பச்சையைப் பார்த்து ஜாபருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தைந்து வயது மனிதர் ஒரு சைக்கிளுக்காக அழலாமா என்று கேட்பவர்கள் சைக்கிள் வைத்துக்கொள்ளாதவர்கள். கல்யாணமான புதிதில் ரஹீமுன்னிசாவைப் பின்னால் உட்கார வைத்துத் திருவொற்றியூர் வரை போனது இதில்தான். பிரசவத்துக்கு மருத்துவச்சியை அழைத்து வந்ததும் இதில்தான். ஒரு வார்த்தை பேசாமல் இத்தனையும் செய்த சைக்கிள், இப்போது அவர் ஏறினால் மட்டும் முறைத்துக்கொள்கிறது. அதற்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மதியம், தொழுகைக்குப் புறப்படுமுன் அமீருதீன் டீக்கடையில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"மாமு, தப்பா நெனச்சுக்காதே. உனுக்கு அது வேணாம்னா எனுக்குக் குடு. என் வண்டிய நீ எடுத்துக்க."

"தங்கக் கோடெல்லாம் பூட்ச்சு அமீரு. சத்தம் வேற போடும்."

"போடட்டுமே. என் கடையில இரும்பு கொட்ற சத்தத்துல இடி உழுந்தாலே கேக்காது. இத்தினி வருஷமா ஒனக்குப் பக்கத்துல நிறுத்திப் பாத்துகினே கீறேன்... எனுக்கு அது மேல ஒரு ஆசை மாமு."

ஜாபர் ராலேயின் சீட்டைத் தடவினார். "மழைக்குக் கோணி போத்துவியா?"

"என் சட்டைய அவுத்துப் போத்துறேன்."

"அப்ப சரி. இப்ப மாத்தி ஓட்டிகினு போவலாம். தொழுதுட்டு வந்து கை அடிச்சுக்கலாம். அப்பால பேச்சு மாறக் கூடாது."

மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பட்டாளத்து வண்டி போட்ட கடமுடாவில் எந்தக் களுக்கும் கேட்க வழியில்லை. முன்னால் போன ராலேயோ எண்ணெயில் வழுக்குவது போல வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு சின்ன முனகல்கூட இல்லை.

அமீருதீன் திரும்பிப் பார்த்துக் கத்தினார். "மாமு! ஒண்ணியும் கேக்கலியே! ஷோக்கா போவுது!"

"கேக்காது. என்கிட்டதான் அதுக்கு வாய்," என்றார் ஜாபர். வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளை அடுத்த வீட்டில் போய்ச் சமர்த்தாக இருப்பதைப் பார்த்தால் எரியுமே, அந்த எரிச்சல்.

பள்ளிவாசல் வாசலில் அமீருதீன் முதலில் போய்ச் சேர்ந்தார். ஸ்டாண்டு போட்ட சத்தம் மட்டும் கேட்டுக் காஜா மொய்தீன் முகம் மலர்ந்தார். "ஜாபரா? வா, வா! வண்டி ஒடம்பு தேவலாமா? களுக்கு போயே பூட்ச்சே!"

அடுத்து ஜாபர் கடகடவென்று வந்து இறங்கி அவர் கையைப் பிடித்தார். கிழவர் அந்தக் கையைத் தடவிப் பார்த்தார்.

"கை ஜாபரு கை. வந்தது அமீரு வண்டி. இன்னாப்பா டமாஸு இது?"

"அப்பால சொல்றேன் பாய். வாங்க," என்று ஜாபர் அவரை உள்ளே அழைத்துப் போய், வழக்கம்போலத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். கிழவருக்கு அந்தப் பக்கம் அமீருதீன் நின்றார்.

மற்ற நாட்களில் ஜாபர் தொழுவது ஹார்பர் கிடங்கில். கிரேன் போடுகிற கூச்சலில் பக்கத்து ஆள் தும்மினாலே கேட்காது. இங்கே அப்படியில்லை. தொழுகை தொடங்கியதும் அத்தனை பேர் நின்ற இடத்தில் அப்படி ஓர் அமைதி. ஜாபருக்கு மனம் லேசாயிற்று. போகட்டும், நல்ல கைக்குத்தானே போகிறது என்று தேற்றிக்கொண்டார். நெற்றியைத் தரையில் வைத்து வணங்கி முடித்து, வரிசையோடு வரிசையாக எழுந்தார். மடங்கியிருந்த வலது முழங்கால் நிமிர்ந்தது.

"களுக்."

ஜாபருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அந்தப் பக்கம் அமீருதீனின் தோள் லேசாகக் குலுங்க ஆரம்பித்தது. தொழுகை முடிகிற வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

முடிந்ததும், காஜா மொய்தீன் ஜாபர் பக்கமாகச் சாய்ந்து, காதோடு காதாகக் கேட்டார்:

"இன்னா ஜாபரு, வெயிலு ஜாஸ்தின்னு சைக்கிளை உள்ளயே தள்ளிகினு வந்துட்டியா?"