முப்பதும் பூச்சியமும்

எட்டாம் நம்பர் வீட்டுப் படிவம் திருநெல்வேலித் தலைமை அலுவலகத்திலிருந்து சிவப்பு மையோடு திரும்பி வந்திருந்தது.

"சென்ற முப்பது நாளில் நோயுற்ற நாட்கள்: முப்பது. வேலைக்குப் போகாத நாட்கள்: பூச்சியம். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க இயலாது. விசாரித்துத் திருத்துக."

நாறும்பூநாதன் அதை இரண்டு தடவை படித்தார். ஊர் மக்களின் உடல்நிலையைக் கணக்கெடுக்க ஆறு மாதத்துக்கு மட்டும் அமர்த்தப்பட்ட குமாஸ்தா அவர். வேலை நீடிப்பதும் போவதும் படிவங்களின் கையில் இருந்தது. ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஆனிச் சாரலில் நனைந்துகொண்டே தென்காசியிலிருந்து சுந்தரபாண்டியபுரத்துக்கு சைக்கிளை மிதித்தார்.

எட்டாம் நம்பர் வீட்டுக்காரி சொக்கம்மாள், புருஷனை இழந்தவள். வயல் கூலிக்குப் போய் ஒரு மகளை வளர்ப்பவள். புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு சீராகும் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, முப்பது நாளும் சீக்குன்னு சொன்னீங்க. அப்போ வேலைக்குப் போகலைன்னுதானே அர்த்தம்?"

"போனேனே."

"சீக்கோடயா?"

"வீட்டுல படுத்துக்கிட்டா கஞ்சி யாரு ஊத்துவா அண்ணாச்சி?"

"வேலைக்குப் போனா அது சீக்கு இல்லம்மா."

சொக்கம்மாள் யோசித்தாள். "கிறுகிறுன்னு வருது. நாலு எட்டு வச்சா மூச்சு எளைக்குது. அதுக்கு என்ன பேருன்னு நீங்கதான் சொல்லணும்."

நாறும்பூநாதன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிறுகிறுப்புக்கு அதில் கட்டம் இல்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து சொக்கம்மாளுக்குத்தான் இரக்கமாகிவிட்டது.

"ஒங்களுக்கு எது தோதுப்படுதோ அதப் போட்டுக்கிடுங்க. சீக்கே இல்லன்னு போடுங்க. எனக்கென்ன?"

அவர் முப்பதை அடித்துவிட்டுப் பூச்சியம் போட்டார். திரும்பும்போது சைக்கிள் லேசாக ஓடியது.

பத்தாம் நாள் படிவம் மறுபடியும் வந்தது.

"முன்னர் முப்பது நாள் நோயாளி. தற்போது நோயே இல்லை. இடையில் இவர் பெற்ற சிகிச்சை யாது? உடனே தெரிவிக்கவும்."

இந்த முறை அவர் சைக்கிளை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, சீசனுக்குக் குற்றாலம் போகிற பஸ்ஸில் ஜனம் தொற்றிக்கொண்டு போனது. யாரும் மறுத்துப் பேச முடியாத ஒரு பதில் கிடைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. 'குற்றால அருவியில் குளித்ததால்' என்று எழுதி அனுப்பினார்.

மேலதிகாரி ஒவ்வொரு வருஷமும் குடும்பத்தோடு குற்றாலம் வருகிறவர். அரசாங்கச் செலவில் வர ஒரு காரணம் அதுவரை வாய்க்கவில்லை. மறுநாளே தந்தி வந்தது: 'குணமடைந்த பெண்ணை நேரில் காண டாக்டருடன் வருகிறேன்.'

நாறும்பூநாதன் வேர்க்க விறுவிறுக்க சொக்கம்மாள் வீட்டுக்கு ஓடினார்.

"அம்மா, பெரிய அதிகாரி வாறாரு. நீங்க குற்றாலத்துல குளிச்சுத்தான் சரியாச்சுன்னு சொல்லணும். எந்த அருவின்னு கேட்டா ஐந்தருவின்னு சொல்லுங்க."

"அது எப்படி இருக்கும்?"

"என்னது?"

"அருவி."

அவர் அவளையே பார்த்தார். "நீங்க பார்த்ததே இல்லையா?"

"எட்டு மைலு இருக்குல்லா. போனா ஒரு நாள் கூலி போயிரும். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து பதினெட்டு வருசம் ஆச்சு. நடவுல நிமிந்தா மலை தெரியும். அங்கன மேகம் எறங்குனா, தண்ணி விழுதுன்னு பேசிக்கிடுவோம்."

நாறும்பூநாதன் தூரத்து மலையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஆனாலும் ஐந்தருவி எப்படி விழும் என்று கையை விரித்துக் காட்டி, இரண்டு முறை சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஜீப் வந்தது. தெருவே கூடிவிட்டது. கழுத்தில் மப்ளரோடு அதிகாரியும், தென்காசி டாக்டர் அப்துல் ஜப்பாரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சொக்கம்மாள் இரவல் சேலையில் எதிரே நின்றாள்.

"எந்த அருவியிலம்மா குளிச்சீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"அஞ்சருவி."

"எத்தனை நாள்?"

இது சொல்லிக்கொடுத்ததில் இல்லை. சொக்கம்மாள் நாறும்பூநாதனைக் கை காட்டினாள். "அவிய எத்தன நாளுன்னு சொல்லுதாகளோ, அத்தன நாள்."

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

நாறும்பூநாதன் எழுந்து நின்றார். "நான்தான் சார் எழுதினேன். அவங்க குற்றாலத்தையே பார்த்ததில்ல. சீக்கும் குணமாகல. முதல்ல அவங்க சொன்னதுதான் நிஜம்."

"பொய்க் கணக்கா எழுதுறீர்? இன்னையோட உம்ம வேலை…"

"ஒரு நிமிஷம் சார்" என்றார் டாக்டர். வந்ததிலிருந்து அவர் சொக்கம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய் அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் சுண்ணாம்பு அடித்தமாதிரி வெளுத்திருந்தது. நகங்களைப் பார்த்தார். நாடியைப் பிடித்தார்.

"இந்த அம்மா உடம்புல பாதி ரத்தம்தான் இருக்கு. இவங்க எழுந்து நடக்கிறதே பெரிசு. நோய் முப்பது நாளும் நிஜம், வேலைக்குப் போனதும் நிஜம். ஆஸ்பத்திரியில சேர்க்கணும். உங்க ஜீப்பக் கொடுங்க."

சொக்கம்மாள் மெல்லக் கேட்டாள்: "அப்போ இது சீக்குதானா டாக்டரய்யா?"

"ஆமாம்மா."

அவள் கண் நிறைந்துவிட்டது. நாறும்பூநாதன் அவளை ஜீப்பில் ஏற்றிவிட்டார். மகளும் ஏறிக்கொண்டாள்.

அதிகாரி மப்ளரைச் சரிசெய்துகொண்டார். "சரி ஓய், பழைய படிவமே இருக்கட்டும். உம்ம வேலையும் இருந்துட்டுப் போகட்டும். நல்லவேளை, அம்பது வீட்டுல இந்த ஒரு வீடுதான் இப்படி. மத்த நாப்பத்தொன்பது வீட்டுலயும் ஒரு பெண்ணுக்குக்கூட நோய் இல்லைன்னு கணக்கு சுத்தமா வந்திருக்கு."

கூட்டத்திலிருந்து நாச்சியார் என்ற பக்கத்து வீட்டுக்காரி முன்னால் வந்து, தன் கீழ் இமையைத் தானே இழுத்து டாக்டரிடம் காட்டினாள். அதுவும் வெளுத்திருந்தது.

"மத்த வீட்டுலயெல்லாம் எங்ககிட்ட எங்கய்யா கேட்டாக? ஆம்பளையாளுககிட்டல்லா கேட்டாக."