பாட்டைச் சலித்த பெட்டி

குருவிட்ட,
12.10.2006

கத்தார் வெயிலில் வேலை பார்க்கும் அன்பு மச்சான் அஜந்தன் அவர்களுக்கு, குருவிட்ட மழையில் இருந்து நல்லையா எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அக்கா ஜெயம்மாவும் மகள் விஜயகலாவும் சுகம். அட்டைக்கடி மட்டும் குறையவில்லை. தாங்கள் வேலை செய்யும் கார் சவுண்ட் கடையில் இருந்து என் வேனுக்கு அனுப்பிய குரோஸ்ஓவர் பெட்டியும், இரண்டு அம்ப்ளிஃபயரும், ஸ்பீக்கர்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அந்தப் பெட்டி எங்கள் குடும்பத்துக்குச் செய்த உதவிக்கு என் உயிர் உள்ளவரை நன்றி. அது என்ன உதவி என்று சொல்லத்தான் இக்கடிதம்.

விஜயகலாவுக்குக் கண்டியில் இருந்து ஒரு சம்பந்தம் வந்ததை அக்கா போனில் சொல்லியிருப்பாள். துணிக்கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை. போன ஞாயிறு மாப்பிள்ளையோட அம்மா ஜீவராணியும் அவங்க அண்ணனும் வீடு பார்க்க வர்றதா ஏற்பாடு. ரயில்ல ரம்புக்கனை வரைக்கும் வருவாங்க, அங்கிருந்து கூட்டிட்டு வர்றது என் வேன். தோட்டத்துக்காரன் வேன்தானேன்னு எளக்காரமா நெனச்சிறக் கூடாது பாருங்க, அதுக்குள்ள உங்க செட்டைப் பூட்டியே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்.

இந்தப் பெட்டி பாட்டை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பங்கைப் பெரிய ஸ்பீக்கருக்கும் ஒரு பங்கைச் சின்ன ஸ்பீக்கருக்கும் அனுப்பும்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க? அட, இது நம்ம சல்லடைதானே! இருபத்தாறு வருஷம் ஃபெக்டரியில தேயிலை சலிச்சவனுக்கா இது தெரியாது? சல்லடையில பெரிய இலை மேல நிக்கும், டஸ்ட்டுங்கிற தூள் கீழ விழும். பெட்டியில வயர் குத்துற ஒரு ஓட்டைக்கு 'ஹை'ன்னும் மத்ததுக்கு 'லோ'ன்னும் போட்டிருந்துச்சு. ஹைன்னா மேல, மேல நிக்கிறது பெரிசு, அது பெரிய ஸ்பீக்கருக்கு. லோன்னா டஸ்ட், அது சின்னதுக்கு. எதுக்கும் இருக்கட்டும்னு பெட்டியோட வந்த புத்தகத்தை விஜயகலாகிட்ட குடுத்துக் கேட்டேன். இங்கிலீஷ் படிச்ச புள்ள, ரெண்டு தடவ புரட்டிப் பார்த்துட்டு, "நீங்க சொல்றதுதாம்ப்பா சரி"ன்னா. போட்டுப் பார்க்கலாம்னா உங்க அக்கா விட்டாத்தானே? புதுச் சாமானுக்கு ஞாயித்துக்கிழமை பத்தரைக்குத்தான் நல்ல நேரமாம், அதுக்கு முன்னாடி சுவிட்சுல கை வச்சா நடக்குறது வேறன்னு எலுமிச்சம்பழமும் கையுமா வேன் கதவுலயே நின்னா.

ரம்புக்கனை ஸ்டேஷன்ல ரெண்டு பேரையும் ஏத்தி, சரியா பத்தரைக்கு முருகனைக் கும்பிட்டு வொலியூமைத் திருகினேன் மச்சான். சின்ன ஸ்பீக்கர் ரெண்டும் கரகரன்னு கத்திட்டு பட்டு பட்டுன்னு வெடிச்சு, கண்ணாடி ஓரமா பொகை. பெரிய ஸ்பீக்கர் கொசு மாதிரி சொய்ங்ங்னு அழுவுது. பாட்டுக்காரன் எங்க போனான்னே தெரியல. அந்தம்மா சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. ஐயோ, என் மானமே போச்சு! செட்டை நிப்பாட்டிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

கேகாலை தாண்டுச்சு. பாட்டில்லாத வேன்ல மனுசன் எவ்வளவு நேரம் சும்மா இருப்பான்? பின்னாடி ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சாங்க, அதுவும் சிங்களத்துல. தோட்டத்தானுக்கு விளங்காதாம்! இந்தப் பக்கம் சிங்களம் தெரியாம ஒரு தேங்கா வாங்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. தாலி ஏறின மறுமாசமே நம்ம புள்ள டீச்சர் வேலையை விட்டுறணுமாம். கல்லாவுல ஒக்கார சம்பளமில்லாத ஆள் வேணுமாம். "பொண்ணு ஒத்துக்காட்டி?"ன்னு அண்ணங்காரர் கேக்குறார். "அவளை யாரு கேக்கப் போறா"ங்குது அந்தம்மா. நம்ம புள்ளைக்கு அப்பாயின்ட்மென்ட் கடிதம் வந்த அன்னிக்கு தோட்டத்து லயத்துல அத்தன பேரும் கையைக் கழுவிட்டு வந்து தொட்டுப் பார்த்தாங்களே!

ருவன்வெல்லையில ஒரு கடைகிட்ட வேனை நிப்பாட்டி, திரும்பிப் பார்த்து, நல்ல சிங்களத்துல, "நோனா, தே பொமுத?"ன்னேன். அம்மா, தேத்தண்ணி குடிப்போமான்னுதான் கேட்டேன், வேற ஒரு வார்த்தை சொல்லல. ரெண்டு மூஞ்சியும் செத்துப்போச்சு. குடிச்சு முடிச்சதும் வேனைத் திருப்பி, ரம்புக்கனையிலயே மரியாதையா எறக்கி விட்டுட்டு வந்தேன்.

உங்க செட்டு மட்டும் ஒழுங்காப் பாடியிருந்தா எனக்கு ஒரு மண்ணும் கேட்டிருக்காது, புள்ள வாழ்க்கையே நாசமாப் போயிருக்கும். உங்க அக்கா பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வச்சு சாமிப் படத்துக்குப் பக்கத்துல வச்சுட்டா. சிரமம் பார்க்காமல் சின்ன ஸ்பீக்கர் ஒரு சோடி மட்டும் மறுபடி அனுப்பி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கு நல்ல முதலாளியும் குளிர்ந்த அறையும் நேரத்துக்குச் சோறும் என்றும் வாய்க்க முருகனை வேண்டும்,

நன்றி மறவாத மச்சான்,
நல்லையா

பி.கு.: எழுத்துப் பிழை பார்க்க இதை விஜயகலாகிட்ட குடுத்தேன். படிச்சுட்டு உண்மையைச் சொல்லிட்டா. ஹைன்னா மெல்லிசு சத்தமாம், அது சின்ன ஸ்பீக்கருக்காம். புத்தகத்துல படம் போட்டே காட்டியிருக்காம், அவளுக்கு அன்னிக்கே தெரியுமாம். ஏன்டி பொய் சொன்னேன்னு கத்திட்டேன். "இந்தச் சம்பந்தம் வேணாம்னு ரெண்டு மாசமா சொன்னேம்ப்பா. வேன்ல சொன்னேன், ரேடியோ முன்னாடி நின்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் 'ம்ம்'னு தலையாட்டிட்டு வொலியூமைக் கூட்டுனீங்க. ஒரு நாளாவது நீங்க பாட்டில்லாம வண்டி ஓட்டணும்னு நெனச்சேன்"னா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு மச்சான். பெத்தவன் நானே அவ மனசுல என்ன இருக்குன்னு விசாரிக்கல. ஸ்பீக்கர் அனுப்ப வேணாம். பெரிசையும் கழட்டிட்டேன். நாளைக்குக் காலையில அவளை ஸ்கூல்ல கொண்டுபோய் விடணும். அரை மணித்தியாலப் பாதை, முன் சீட்டுல ஒக்காந்து ஏதோ பேசணும்னா.